கொச்சியில் தக்காளி வராதா?

கொச்சியில் தக்காளி வராது என்பது இங்கே வாழும் தமிழர்களும் மலையாளிகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்டுவிட்ட முடிவு. வில்லிங்டன் தீவின் துறைமுகக் குடியிருப்பிலும் கடற்படைக் குடியிருப்பிலும், பாலம் தாண்டினால் தோப்பும்படியிலும் மட்டாஞ்சேரியிலும், மொட்டை மாடியில் நாலு பை வைத்துச் செடி வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காரணமும் கையோடு வரும். தக்காளி வெயில் பயிராம். நமக்குத் தக்காளி அனுப்பும் ஒட்டன்சத்திரத்து வெயில் இங்கே இல்லையாம். இடவப்பாதி மழை பிறந்தால் வானம் மூடி நாலு மாதம் குளிர்ந்து கிடக்கும் ஊரில் அது எப்படிப் பிடிக்கும் என்று கேட்பார்கள். குடைமிளகாயைப் பற்றிக் கேளுங்கள், அதே ஆட்கள் நேர்மாறாகச் சொல்வார்கள்: அது ஊட்டிக் குளிருக்கு வருவது, இந்தப் புழுக்கத்தில் வராது. தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம். வெப்பத்தில் இரண்டின் தேவையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மாடி ஒன்றுக்குக் குளிர்ச்சி மிகுந்தும் இன்னொன்றுக்குச் சூடு மிகுந்தும் இருக்க முடியாது. இந்த முரணை யாரும் நின்று கேட்டதில்லை என்பதே இந்த நம்பிக்கை எவ்வளவு சோதிக்கப்படாதது என்பதைக் காட்டுகிறது. செடி வாடுவது உண்மை, பூ உதிர்வது உண்மை, காய் வெடிப்பதும் அழுகுவதும் உண்மை. அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம்தான் பொய். தட்பவெப்பத்தின் தலையில் போட்ட பழியில் பெரும்பகுதி தண்ணீரைச் சேர வேண்டியது: வேரில் தேங்கும் தண்ணீர், இலையில் காயாத தண்ணீர், மகரந்தத்தில் ஊறும் தண்ணீர். தட்பவெப்பத்தை மனிதன் மாற்ற முடியாது, தண்ணீரை மாற்றலாம். ஆகவே இந்தக் காரணப் பிழை சாதாரணப் பிழையல்ல. செய்ய முடிந்த காரியத்தை முடியாததென்று ஒரு ஊரையே நம்பவைத்திருக்கிறது.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்த்துவிடலாம். தக்காளிக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பதை அளந்து சொன்னவர் ஃபிரிட்ஸ் வென்ட். ஜாவாவின் பொய்ட்டன்ஸோர்க் தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போன டச்சுக்காரர். வெப்பம் கட்டுப்படுத்திய கண்ணாடிக் கூடங்களில் தக்காளியை வளர்த்துப் பார்த்து 1944-ல் அவர் வெளியிட்ட முடிவு இன்றுவரை பாடமாக இருக்கிறது. பகலில் சுமார் 26 டிகிரி, இரவில் 17 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் செடி நன்றாக வளரும். இரவு 15-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கும்போதுதான் காய்ப்பு செழிக்கும். அதாவது இந்தச் செடி கேட்பது மிதமான பகலும் குளிர்ந்த இரவும். பகல் 32 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழக்கும். பழத்துக்குச் சிவப்புத் தரும் நிறமி 30 டிகிரிக்கு மேல் சரிவர உருவாகாது. கடும் கோடையில் கொடியிலேயே பழுத்த தக்காளி மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுபோவதன் காரணம் அதுவே. இந்த அளவுகோலைக் கொச்சிமேல் வைத்துப் பாருங்கள். ஆடி மாத மழையில் இங்கே பகல் சுமார் 29 டிகிரி, இரவு 24. சித்திரையில் பகல் 33, இரவு 26. ஒட்டன்சத்திரத்திலோ சித்திரை, வைகாசிப் பகல் 36, 37 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் அங்கேயும் பூ கொட்டுகிறது, காய்ப்பு குறைகிறது, விலை ஏறுகிறது. தக்காளியின் விருப்பப் பகலுக்கு, எல்லாரும் குளிர் என்று குறைசொல்லும் கொச்சியின் மழைக்காலம் ஒட்டன்சத்திரத்துக் கோடையைவிடப் பக்கத்தில் இருக்கிறது. சூடு போதவில்லை என்ற வாதம் இந்த ஒரு ஒப்பீட்டிலேயே விழுந்துவிடுகிறது.

உண்மையிலேயே கோடை குளிர்ந்திருக்கும் நாடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் ஜூலைப் பகல் சராசரி 20 டிகிரியைத் தொடுவதே பெரிது. அந்த நாட்டில்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘எய்ல்சா கிரெய்க்’ என்ற தக்காளி ரகம் பிறந்தது. இன்றைக்கும் பிரிட்டிஷ் வீட்டுத் தோட்டங்களில் அது நிற்கிறது. அமெரிக்காவின் வடமேற்கில் குளிர்ந்த இரவுகளுக்கென்றே ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகெட் ரகங்கள் உருவாக்கினார். மகரந்தம் சரியாக வேலை செய்யாத குளிரிலும் விதையில்லாமல் காய்பிடிப்பது அவற்றின் குணம். நமது மார்கழி இரவைவிடக் குளிர்ந்த ஜூலைப் பகலை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் தக்காளி எடுக்கிறார்கள். அவர்களுடைய சிக்கல் நிஜமாகவே வெப்பக் குறைவு. அதற்கு ரகத்தாலும் கண்ணாடியாலும் விடை கண்டார்கள். நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது. ஆனால் அவர்கள் சொல்லும் புகாரை நாம் கடன்வாங்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் செடியின் தாயகத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தக்காளியின் காட்டு உறவுகள் பெரு, ஈக்குவடார் நாடுகளின் மேற்குக் கரையிலும் ஆண்டீஸ் மலையின் மேற்குச் சரிவிலும் வாழ்கின்றன. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ரிக் ஆண்டுக்கணக்கில் அலைந்து அவற்றைச் சேகரித்தார். பெருவின் தலைநகர் லிமா பூமத்திய ரேகைக்குத் தெற்கே 12 பாகையில் இருக்கிறது; கொச்சி வடக்கே 10 பாகையில். இரண்டும் கடலோரம். ஆனால் லிமாவின் கடல் ஹம்போல்ட் நீரோட்டத்தால் குளிர்ந்தது. வருடத்தில் பல மாதங்கள் அந்தக் கரை மேகத்தாலும் பனிமூட்டத்தாலும் மூடிக் கிடக்கும்; வெயில் தெரியாது; வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மழை மட்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. மூடிய வானம், குளிர்ந்த காற்று, உலர்ந்த மண் — காட்டுத் தக்காளி பழகிவந்த உலகம் இது. முதலாவது கொச்சியின் ஆடி மாதத்தில் முழுதாகவும் இரண்டாவது ஓரளவுக்கும் இருக்கின்றன. மூன்றாவதுதான் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஜூன் தொடங்கி நாலு மாதத்துக்குள், இந்த ஊரின்மேல் கொட்டுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. இடுக்கி மாவட்டத்திலேயே இயற்கை இந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. மூணாறும் காந்தளூரும் ஏறத்தாழ ஒரே உயரம், கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டரை ஒட்டி. குளிரும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் மூணாறு தென்மேற்குப் பருவமழையை நெஞ்சில் வாங்கும் சரிவு. காந்தளூரும் மறையூரும் மலைக்குப் பின்னால் மழைமறைவில் ஒதுங்கிய அஞ்சுநாடு. தமிழ் பேசும் விவசாயிகள் தலைமுறைகளாகப் பயிரிடும் அந்தப் பூமி கேரளத்தின் காய்கறித் தட்டாக இருக்கிறது. மூணாற்றின் நிலமெல்லாம் தேயிலைக் கம்பெனி கையில் இருப்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தேயிலை வைத்தவர்கள் மழையைப் பார்த்துத்தான் வைத்தார்கள். காந்தளூர்க் காய்கறியைப் பார்த்து “குளிர் ஊர், அதனால் விளைகிறது” என்று சொல்பவர்கள், அதே குளிரில் நனைந்து கிடக்கும் மூணாற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, கொச்சியில் செடியைக் கொல்வது எது? நன்றாகத் தழைத்து நிற்கும் செடி, மொட்டு விட்டிருக்கும், சில சமயம் பிஞ்சுகூடப் பிடித்திருக்கும். ஒரு நாள் உச்சிப்பொழுதில் நுனி இலைகள் தொங்கும். சாயங்காலம் தேறியதுபோல் நிமிரும். இரண்டு மூன்று நாளில் இலை மஞ்சளாகக்கூட மாறாமல் பச்சையாகவே முழுச் செடியும் சரிந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்; அது நோய்க்குச் சோறு போடுவது. அந்தச் செடியைத் தரையோடு அறுத்து, தண்டின் ஒரு துண்டை எடுத்து, வெட்டுவாய் மூழ்கும்படி ஒரு கண்ணாடித் தம்ளர் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் போல ஒன்று கீழே இறங்கும். பிறகு தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கும். நீர் ஏறும் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த பாக்டீரியா அது, ரால்ஸ்டோனியா சொலானசியாரம். பாக்டீரியா வாடல் என்று இதைச் சொல்கிறார்கள். அமில மண்ணும் ஈரமும் சூடும் அதற்கு உகந்தவை. கேரளத்தின் செம்புறை மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. குளிர்ந்த மண்ணில் இந்தக் கிருமி அடங்கிக் கிடக்கும் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். தக்காளிக்குக் குளிர் எதிரி என்று சொல்லப்படும் ஊரில், அதைக் கொல்லும் முதன்மை நோய் சூட்டில் செழிப்பது.

இந்த நோயைப் புரிந்துகொண்டவர்கள் முப்பது நாற்பது வருடமாகச் சும்மா இருக்கவில்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளானிக்கரையில் வாடலைத் தாங்கும் தக்காளி ரகங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டது: சக்தி, முக்தி, அனகா. மிளகாயில் உஜ்வலா, அனுக்ரகா. கத்திரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா. பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வாடலோடு இலைச்சுருட்டு நச்சுயிரியையும் இலைக்கருகலையும் சேர்த்துத் தாங்கும் ‘அர்கா ரக்ஷக்’ கலப்பினத்தைத் தந்தது. இவற்றைவிட முக்கியமானது ஒட்டுக்கட்டும் முறை. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் வெப்பமண்டல மழைக்காலத்துக்கென்றே தக்காளித் தண்டைக் கத்திரி வேரில் ஒட்டும் வழியைப் பரப்பியது. கத்திரி வேர் வாடலைத் தாங்கும். தக்காளி வேர் மூச்சுமுட்டிச் சாகும் நீர்த்தேக்கத்தையும் நாள்கணக்கில் தாங்கும். வியட்நாமின் லாம் டோங் மாகாணத்தில் டாலட்டைச் சுற்றியுள்ளது குளிர்ந்த மலைப்பகுதி. காந்தளூரைப் போன்ற உயரம். அங்கே குளிருக்குக் குறைவில்லை. இருந்தும் வாடல்தான் விவசாயிகளை அடித்தது, ஒட்டுத் தக்காளிக்கு மாறியபின்தான் நிமிர்ந்தார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகமும் வாடல் தாங்கும் கத்திரி வேரில் ஒட்டிய தக்காளி நாற்றுகளைத் தருகிறது. இவ்வளவும் இருக்கும்போது, கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் பிழிந்து போட்டுவிட்டு, செடி வாடியதும் “இந்த ஊர் சீதோஷ்ணம் ஆகாது” என்று தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல. கடைப் பழம் பெரும்பாலும் கோலார் மேட்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ என்று தேர்ந்தெடுக்கப்பட்ட கலப்பினம். கொச்சி மண்ணின் கிருமியை அதன் பரம்பரை பார்த்ததே இல்லை.

மண்ணுக்கு மேலேயும் தண்ணீர்தான். தக்காளிப் பூவில் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கிறது; அதிர்ந்தால்தான் உதிரும். சாதாரணத் தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை நடுக்கி ரீங்கரிக்கும் நீலவரித் தேனீயும் மரங்குடையும் கருவண்டும்தான் அதைச் செய்யும். விடாத மழையில் அவை வெளியே வருவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் மகரந்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆட்டினாலும் விழாது. வெயில் இல்லாததால் காய் பிடிக்கவில்லை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். மழை இடைவெளி விட்ட நாளில், இலையின் ஈரம் உலர்ந்த காலை பத்து மணி வாக்கில், பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டால் காய்ப்பிடிப்பு கண்ணெதிரே மாறும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இலையில் தங்கும் ஈரம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 2009 கோடையைச் சாட்சியாகச் சொல்லலாம். அந்த வருடம் கோடை குளிர்ந்தும் நனைந்தும் வந்தது. பின்கருகல் நோய், ஐரிஷ் உருளைக்கிழங்குப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே கிருமி, கடைகளில் விற்ற நாற்றுகளோடு ஊர் ஊராகப் போய் வீட்டுத் தோட்டத் தக்காளியைக் கூண்டோடு அழித்தது. குளிரோடு ஈரமும் சேர்ந்திருந்ததால்தான் அது நடந்தது. உலர்ந்த குளிரை அந்தச் செடி பொறுத்துக்கொள்ளும். நனைந்த குளிரில் அந்தக் கிருமி முந்திக்கொள்ளும். நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுபவர்களுக்கு இது தெரிந்த பாடம். அவர்கள் பயப்படுவது உறைபனிக்கு ஒரு மடங்கென்றால் மூடுபனியோடு கூடிய தூறலுக்கு இரண்டு மடங்கு.

இனி மண். வில்லிங்டன் தீவில் இருப்பவர்கள் கூடுதலாக ஒரு காரணம் சொல்வார்கள்: இது மண்ணே இல்லை. அதில் உண்மை இருக்கிறது. 1920-ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கழிமுகத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி 1928-ல் கப்பலுக்கு வழி திறந்தார். துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டிய மணலையும் சேற்றையும் கிளிஞ்சலையும் கொட்டி எழுப்பியதுதான் இந்தத் தீவு. ஒரு பக்கம் மட்டாஞ்சேரித் துறைமேடை, மறுபக்கம் எர்ணாகுளம் துறைமேடை, சுற்றிலும் உப்புக் காயல். கோடையில் நிலத்தடி உப்பு மேலேறும். ஆனால் உப்பைக் கண்டு இவ்வளவு மிரள வேண்டியதில்லை. மண்கரைசலின் உப்பளவு மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் வரை தக்காளி விளைச்சல் குறையாமல் தாங்கும். மிளகாய்க்கு அந்த எல்லை 1.5. லேசான உப்பில் தக்காளிப் பழம் சிறுத்தாலும் இனிப்பு கூடும் என்பது பல நாடுகளில் அறிந்த விஷயம். நாலு மாத மழை மேல்மண்ணின் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால், புரட்டாசி, ஐப்பசியில் நடும்போது தீவு மண் வருடத்திலேயே மிகக் குறைந்த உப்போடு இருக்கும். அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புக்கும் எங்கும் அலைய வேண்டாம். வேம்பநாட்டுக் காயலின் கறுப்புக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இந்த வட்டாரத்துச் சரக்கு. அது தரும் கால்சியம், காயின் அடி கறுத்து அழுகும் கோளாறையும் குறைக்கும்.

மண் ஆகாது என்பவர்களுக்கு இன்னும் வலுவான பதில் ஒன்று உண்டு. ஹாலந்திலும் பிரிட்டனிலும் கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் குடைமிளகாயும் வளர்ப்பவர்கள் மண்ணையே தொடுவதில்லை. அவர்களில் பலர் செடியை நிறுத்துவது தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போகும் தென்னைநார்க் கழிவுக் கட்டிகளில். குளிர் நாட்டுத் தக்காளியின் வேர் நமது தேங்காய் மட்டைக்குள் நிற்கிறது. அந்த மட்டை மலையாகக் குவிந்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு மண் சரியில்லை என்று நாம் சொல்கிறோம். நார்க் கழிவைப் பயன்படுத்துவதில் ஒரு கவனம் வேண்டும்: கழுவாத கழிவில் சோடியமும் பொட்டாசியமும் ஏராளம், அவை கால்சியத்தைச் செடிக்கு விடாது. மழைநீரில் பலமுறை அலசி, மட்கிய எருவும் சுண்ணாம்பும் கலந்தால் போதும். பைக்கு அடியில் செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி வைத்தால் வாடல் கிருமி தரை வழியே வந்துசேரும் பாதையும் அடைபடும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது வெளிச்சம் பற்றியது. ஒளி குறைந்தால் காய்ப்பு குறையும். ஆனி, ஆடியில் இங்கே சூரியனைப் பார்ப்பதே அரிது. அதை எந்தக் கூரையாலும் ஈடுகட்ட முடியாது. இது சரியான வாதம், முழுக்க ஏற்கிறேன். ஆனால் இது கொச்சியை ஒதுக்கச் சொல்லவில்லை, ஆனி ஆடியை ஒதுக்கச் சொல்கிறது. ஆவணியில் நாற்றுவிட்டு, புரட்டாசிக் கடைசியில் நட்டு, ஐப்பசியில் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவத்தின் பிற்பகல் மழையை ஒரு கூரையால் கடத்திவிட்டால், கார்த்திகைக்குப்பின் நமக்குக் கிடைப்பது தெளிந்த வானமும் குறைந்த ஈரமும் வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவும். மார்கழி முதல் மாசி வரை அறுவடை. கேரள வேளாண் பல்கலைக்கழகமும் தக்காளிக்கு மழை ஓய்ந்தபின் வரும் பருவத்தைத்தான் சொல்கிறது. தென்மேற்குப் பருவமழையில் ஒரு செடியை நட்டுத் தோற்றுவிட்டு வருடம் முழுவதற்கும் முடிவு கட்டுவது, வைகாசியில் கோதுமை விதைத்துவிட்டுப் பஞ்சாபைக் குறைசொல்வதற்குச் சமம்.

இன்னொரு எதிர்ப்பு இரவின் சூடு பற்றியது. வென்ட் சொன்ன 20 டிகிரி இரவு கொச்சியில் தையிலும் கிடைக்காது, சுமார் 23-தான். அதனால் காய்ப்பு காந்தளூருக்கு ஈடாகாது. உண்மை. அதனால்தான் சூடான இரவிலும் காய்பிடிக்கும் ரகத்தைத் தேடச் சொல்கிறேன். சக்தி போன்றவை இந்தச் சமவெளியிலேயே, இந்த இரவுகளிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை. பெரிய பழம் வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டுச் சின்னப் பழ ரகங்களுக்குப் போனால் இன்னும் எளிது. சூட்டிலும் அவை எளிதில் காய்பிடிக்கும். குடைமிளகாய் விஷயத்தில் மட்டும் நான் ஊரார் பக்கம் நிற்கிறேன். இரவு 24 டிகிரியைத் தொட்டால் அதன் பூ உதிரும், நின்ற காயும் சிறுத்துக் கோணும். அது மலையில் விளையட்டும், நாம் வாங்கிக்கொள்வோம். ஆனால் தட்பவெப்பம் ஆகாது என்ற அதே தீர்ப்பைத் தக்காளிக்கும் பச்சை மிளகாய்க்கும் நீட்டுவதை ஏற்க முடியாது. மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த செடிதான். 1500-ல் கப்ரால் கொச்சியில் கால்வைத்தபின் போர்த்துக்கீசியர் வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. இன்றைக்குக் காந்தாரி மிளகாய் இல்லாத வேலியோரம் இந்த ஊரில் உண்டா? பறவை எச்சத்தில் விழுந்த விதை தானாக முளைத்து வருடக்கணக்கில் காய்க்கிறது. அந்நிய மண், அந்நிய வானம் என்பதெல்லாம் அதற்குத் தடையாக இல்லை.

பாலிஹவுஸ் போட்டால்தான் முடியும், அதற்கு லட்சக்கணக்கில் ஆகும் என்று அடுத்து சொல்வார்கள். தட்பவெப்பத்தைக் குற்றவாளியாக்கியதன் நேரடி விளைவு இந்தக் கருத்து, கேடு விளைவித்த கருத்தும்கூட. மூடிய பாலிஹவுஸ் சூட்டைப் பிடித்து வைப்பதற்காகக் குளிர் நாடுகளில் பிறந்தது. கொச்சியில் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டிய தேவை எந்த மாதத்திலும் இல்லை. பக்கவாட்டை மூடினால் வெப்பம் ஏறும், காற்று நிற்கும், ஈரம் கூடும், அந்த ரீங்காரத் தேனீக்கும் வழி அடைபடும். நாம் விரட்ட வேண்டிய எல்லாவற்றையும் காசு கொடுத்து உள்ளே அழைத்தாயிற்று. இங்கே வேண்டியது மழமறை என்று மலையாளத்தில் சொல்லும் எளிய பந்தல்: கமுகு மரமோ இரும்புக் குழாயோ நட்டு, மேலே மட்டும் புற ஊதாக் கதிரைத் தாங்கும் தாளை இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுவது. மழையைத் தடுக்கும், வெளிச்சத்தை விடும், காற்றை ஓட்டும். வெப்பத்தைப் பற்றி அது ஒன்றுமே செய்வதில்லை, செய்யவும் வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு, லாரியில் தினமும் வருகிறதே என்பவர்களும் உண்டு. கொச்சி முழுவதற்கும் மாடித் தக்காளி போதும் என்று நான் சொல்லவில்லை. ஒட்டன்சத்திரமும் கிணத்துக்கடவும் கோலாரும் இல்லாமல் இந்த நகரத்தின் அடுப்பு எரியாது. ஆனால் வாளையார் தாண்டி வரும் பழம் நசுங்காமல் வர வேண்டுமென்று, நிறம் திரும்பும் முன்பே பறிக்கப்பட்டது. செடியிலேயே பழுத்ததன் சாறும் புளிப்பும் அதற்கு வராது. 2023 ஜூலையில் நாடெங்கும் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, பல ஊர்களில் இருநூறையும் தொட்டபோது, மத்திய அரசே கொள்முதல் செய்து சலுகை விலையில் விற்க வேண்டி வந்தது. முழுக்க முழுக்க வெளியூர் லாரியை நம்பும் சமையலறைக்கு அப்படிப்பட்ட மாதத்தில் வேறு போக்கில்லை. கேரளச் சமையலுக்குத் தக்காளியே பிந்தி வந்தது, மீன் கறிக்குக் குடம்புளியும் மாங்காயும் இலும்பிப்புளியும் போதுமே என்று சிலர் சொல்வதை நான் மதிக்கிறேன். அந்தப் புளிப்புகள் போற்ற வேண்டியவை. ஆனால் தோப்பும்படியிலும் தீவிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தில் மட்டுமல்ல, மலையாளிக் குடும்பத்திலும் இன்று தக்காளி வாங்காத வாரம் கிடையாது. தினமும் வாங்கும் ஒன்றை வளர்க்கவே முடியாது என்று நம்புவதற்கு, முன்பு அது தேவைப்படவில்லை என்பது காரணமாகாது.

இந்தத் தவறான நம்பிக்கைக்கு அரசின் நாட்காட்டியும் துணைபோகிறது. ‘ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி’ நல்ல திட்டம். வெண்டையும் பயறும் கீரையும் அதனால் ஆயிரக்கணக்கான வீடுகளில் விளைந்தன. ஆனால் ஓணம் வருவது ஆவணியில். அதற்குள் பறிக்க வேண்டுமென்றால் ஆனி, ஆடி மழையில்தான் செடி நிற்க வேண்டும். வெண்டை தாங்கும். தக்காளிக்கு அது வருடத்திலேயே மோசமான பருவம்: வெளிச்சம் இல்லை, இலை காய்வதில்லை, வேர் நீரில் நிற்கிறது. அந்தப் பொழுதில் ஒரு பொட்டலம் தக்காளி விதையை வாங்கி விதைத்த வீட்டுக்காரர், செடி அழுகியதைப் பார்த்தபின் மறுபடி முயல மாட்டார். பக்கத்து வீட்டுக்கும் சொல்வார். அரசின் வேளாண் அலுவலகங்களான கிருஷி பவன்கள் தக்காளியை ஓணக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஓணம் முடிந்த பிறகு, புரட்டாசியில், விதைப் பொட்டலத்துக்குப் பதிலாகக் கத்திரி வேரில் ஒட்டிய நாற்றாக, வீட்டுக்கு ஐந்து வீதம், பந்தலுக்கு ஒரு துண்டுத் தாளோடு கொடுக்கட்டும். காக்கநாட்டில் இருக்கும் கேரளக் காய்கறி பழ மேம்பாட்டுக் கவுன்சிலும் வெள்ளானிக்கரைப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. நாற்றும் ரகமும் முறையும் அவர்களிடம் உண்டு. மாற்ற வேண்டியது விநியோகிக்கும் மாதத்தைத்தான்.